மோப்பக்காரரின் எட்டு மாதங்கள்

அந்தப் பேச்சு இப்படித்தான் நடந்தது. அன்று மாலை வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் அதை முதலிலிருந்து கடைசிவரை மூன்று தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அதனால் ஒரு சொல்லும் மாறவில்லை.

ஆய்வுக்கூடத்து மேசையில் பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள் இரண்டை வைத்துவிட்டு, "அண்ணே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

"இரும்மா, கண்ணாடியைப் போட்டுக்கிறேன்" என்றார் மோப்பக்காரர். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் புட்டியை ஒரு பக்கமாகத் திருப்பி, மூடியைத் திறந்து, மூக்குக்கு அடியில் இரண்டு சுற்று சுற்றினார். "மூணாம் தொட்டி. ரொட்டி. நல்லா வந்திருக்கு. நாளைக்கு மத்தியானம் வடிக்க அனுப்பிடலாம்."

"அடுத்தது?"

"அஞ்சாம் தொட்டி. பழத்தோல். இது இன்னும் இளசு. ஒரு நாள் கிடக்கட்டும்."

"புளிப்பு ஏதாவது தட்டுதாண்ணே?"

"புளிப்பா? என் மூக்கைத் தாண்டிப் புளிப்பு உள்ளே வந்துடுமா?" என்று சிரித்தார். "நீ உன் மீட்டர்ல போட்டுப் பாரு. அதுவும் இதையேதான் சொல்லும். என்ன, நாலு மணி நேரம் கழிச்சுச் சொல்லும்."

"சரிண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். போன பிறகு அவள் புட்டிகளைச் சோதனைக்கு எடுத்தாள். முதல் மூடியைத் திறந்ததுமே ஆரஞ்சுத் தோல் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. திருப்பிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்திலேயே 'மூன்று' என்று ஒட்டியிருந்தது. இரண்டாவதைத் திறந்தாள். ஊறிய ரொட்டி. அதில் 'ஐந்து' என்று இருந்தது. காலையில் அவசரமாக ஒட்டியபோது சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டாள்.

தவறு அவளுடையதுதான். ஆனால் ரொட்டிக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் வித்தியாசம் சொல்ல மோப்பக்காரர் எதற்கு, ஜலதோஷம் பிடித்தவன்கூடச் சொல்லிவிடுவான். அவர் மூக்கை வைத்தது சும்மா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைத்தான் படித்திருக்கிறார்.

ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. பேக்கரிகளில் விற்காமல் போன ரொட்டி, சாறு பிழியும் கம்பெனிகள் கழித்த பழத்தோல், அறுவடை முடிந்த வைக்கோல் என்று ஊருக்கு வேண்டாததெல்லாம் அங்கே லாரியில் வந்து இறங்கும். அதை அரைத்து, வேகவைத்து, சர்க்கரையாக்கி, ஆறவிட்டு, ஈஸ்ட் கலந்து ஆறு பெரிய தொட்டிகளில் மூன்று நாள் நொதிக்க விடுவார்கள். நொதித்ததைக் காய்ச்சி வடித்தால் எத்தனால். அது பெட்ரோலோடு கலந்து வண்டிகளில் எரியும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஈஸ்ட் விருந்து சாப்பிடும் இடத்தில் அழையா விருந்தாளியாக வேறு கிருமி புகுந்துவிட்டால் தொட்டி புளித்துப்போகும். முப்பதாயிரம் லிட்டரைச் சாக்கடையில் விடவேண்டியதுதான். புளிக்கத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். அந்த ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கத்தான் அவர்.

பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வேலையாட்களுக்கு 'மோப்பம் அண்ணன்'. மேலாளருக்கு 'மோப்பக்காரர்'. அந்தப் பட்டம் வந்த கதையைத் தொழிற்சாலையில் எல்லோரும் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஊர்க் குப்பை லாரியில் சுமை இறக்குகிறவர். ஒருநாள் பழத்தோல் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகாமல், வாசலில் எடை போடுகிறவரிடம் வம்பு வளர்த்தாராம். "இதைத் தொட்டியில போடாதீங்க. அடியில மருந்து அடிச்ச பழம் கிடக்கு. கசப்பு வாடை வருது. உங்க ஈஸ்ட் செத்துரும்." எடைக்காரர், "லாரிக்காரனுக்கு எதுக்கு ஈஸ்ட் கவலை?" என்று மூக்கறுத்து அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் தொட்டி நொதிக்காமல் அசையாமல் கிடந்தது. அப்போது புதிதாக வந்திருந்த மேலாளர் அம்மா நேராகக் குப்பைக் கிடங்குக்கே போய், "அந்த மூக்கு எங்கே?" என்று கேட்டுக் கையோடு கூட்டிவந்துவிட்டாராம்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. மாதிரிகளைச் சோதிப்பது ஒரு வேலை. வெளிநாட்டிலிருந்து இயந்திரங்களோடு வந்த தடித்தடிக் குறிப்பேடுகளை வேலையாட்கள் படிக்கிற மாதிரி மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டுவது இன்னொரு வேலை. அதிகம் பேசமாட்டாள். "லேபம்மா வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பூட்டி வச்சிருக்கு" என்று ஃபிட்டர் கேலி செய்வான். அதற்கும் சிரிப்பாளே தவிரப் பதில் வராது.

அன்றும் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒருவேளை கவனக்குறைவாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை கேபிள் எரிந்திருக்காவிட்டால் அந்தச் சமாதானத்திலேயே காலத்தை ஓட்டியிருப்பாள்.

வடிப்புக் கூடத்தில் எத்தனால் ஆவி கசிந்தால் மணியடிக்கிற உணர்கருவிகள் மூன்று இருந்தன. அதில், வடித்தது இறங்கி வரும் பம்ப்புக்குப் பக்கத்தில் இருந்த கருவி கேபிளோடு கருகிப்போனது. கையில் எடுத்துப்போகும் கருவி ஒன்று இருந்தது. அதைப் பத்து நாளைக்கு முன்புதான் ஃபிட்டர் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டிருந்தான். புதுசு வர ஐந்து நாளாகும். எத்தனால் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தவழ்ந்து போய் ஏதாவது ஒரு பொறியைத் தேடும். அப்புறம் பேச்சே இல்லை.

மேலாளர் எல்லோரையும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கூட்டினார். "அஞ்சு நாள் மூடினா வந்து கிடக்கிற ரொட்டியெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போயிடும். அதனால ஒண்ணு செய்யலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் வடிப்புக் கூடத்தைச் சுத்தி வரணும். வாடை வந்தா உடனே நிறுத்தணும். வந்தாலும் வராட்டியும் கையெழுத்துப் போடணும்." யார் என்று அவர் சொல்லவேயில்லை. அதற்குள் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பிவிட்டன.

"அண்ணன் இருக்க நமக்கென்ன பயம்? கருவி மணியடிக்கிறதுக்குள்ள அண்ணன் மூக்கு மணியடிச்சுடும்" என்றான் ஃபிட்டர்.

அவள் மோப்பக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று காத்தாள்.

"செஞ்சுடலாம் மேடம்" என்றார் அவர்.

கூட்டம் கலைந்தது. அவர் நான்காம் தொட்டியிடம் போய், காதை அதன் சுவரில் ஒட்டவைத்து நின்றார். உள்ளங்கையையும் பக்கத்தில் பதித்திருந்தார். எத்தனையோ தடவை அவரை அப்படிப் பார்த்திருக்கிறாள். வாஞ்சையோடு நிற்கிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"நேத்து நான் கொடுத்த புட்டி ரெண்டுலயும் சீட்டு மாறியிருந்துச்சு."

அவர் காதை எடுக்கவில்லை. தொட்டிக்குள்ளே குமிழிகள் கொதிக்கிற அரிசியைப் போல வெடித்துக்கொண்டிருந்தன.

"வேணும்னே மாத்தி வச்சியா?"

"இல்லண்ணே. தெரியாம ஒட்டிட்டேன்."

"அதானே பார்த்தேன். உனக்கு அந்தச் சூதெல்லாம் வராது." நிமிர்ந்து, காதைத் துடைத்துக்கொண்டார். "எட்டு மாசம் ஆச்சு. மூணு வாரம் ஒரு காய்ச்சல் அடிச்சுது. எழுந்து குளிக்கப் போனேன். சோப்பைத் தேய்ச்சா கல்லைத் தேய்ச்ச மாதிரி இருந்துச்சு. சளி போனா சரியாயிடும்னு நெனச்சேன். சளி போயிடுச்சு. கூடவே அதுவும் போயிடுச்சு."

"டாக்டர்?"

"பார்த்தேன். வந்தா வரும்னாரு. வராட்டா வராதுன்னும் சொன்னாரு. அதுக்கும் காசு வாங்கிக்கிட்டாரு."

ஆறு மாதமாக அவள் நம்பிக் கொண்டிருந்த அந்த மூக்கை அவள் ஒருநாளும் சந்தித்ததேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்போ தொட்டியெல்லாம் எப்படி...?"

"சத்தம் இருக்கு. சூடு இருக்கு. நுரையோட நிறம் இருக்கு. அதுக்கும் மேல ஃபிட்டர் இருக்கான்."

"ஃபிட்டருக்கும் தெரியுமா?"

"அவனுக்கு என்ன தெரியும்? அவன் தொட்டி மேல ஏறும்போது நான் கீழே நின்னு அவன் மூஞ்சியைப் பார்ப்பேன். மூக்கு சுருங்கினா தொட்டி புளிக்குதுன்னு அர்த்தம். உன் மீட்டரைவிட அவன் மூஞ்சி வேகம்." சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. "ஒரே ஒரு தொட்டி கைவிட்டுப் போச்சு. நீ வந்த புதுசுல, ரெண்டாம் தொட்டி. அன்னைக்கு ஃபிட்டர் லீவு. ஈஸ்ட் கெட்டுப்போனதுன்னு சொல்லிட்டேன். ஈஸ்ட் விக்கிறவர் வந்து நின்னு மேடம்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரு. நல்ல மனுஷன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனாரு."

"வடிப்புக் கூடத்துல ஃபிட்டர் மூஞ்சி இருக்காதே அண்ணே" என்றாள்.

அவர் உள்ளங்கையை மறுபடி தொட்டிச் சுவரில் பதித்தார்.

"அங்கே பதினாலு பேர் வேலை பார்க்கிறாங்க."

"தெரியும்மா. எல்லாம் தெரியும்." குரல் இறங்கிவிட்டது. "எட்டாம் வகுப்போட நின்னவன் நான். உனக்குச் சுவரெல்லாம் மாட்டிவைக்கச் சான்றிதழ் இருக்கும். எனக்கு இருந்தது இது ஒண்ணுதான். இதைப் பார்த்துத்தான் குப்பை லாரியிலிருந்து இறக்கிக் கூட்டிட்டு வந்தாங்க. இது போச்சுன்னு சொன்னா, மறுபடியும் லாரியிலதான் ஏத்துவாங்க."

அவள் வாழ்க்கையில் அதுவரை யாரையும் மிரட்டியதில்லை. அதனால் அந்த வார்த்தைகள் வந்தபோது யாரோ பக்கத்தில் நின்று பேசுகிறார்களோ என்றிருந்தது. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்களே மேடம்கிட்ட சொல்லிடுங்க. இல்லைன்னா நான் சொல்லிடுவேன். அதுவரைக்கும் ஒவ்வொரு சுத்துக்கும் நானும் உங்ககூட வருவேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முத்து உதிருதே" என்றார் மெதுவாக. பிறகு கையெழுத்துப் போடும் அட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

இப்படியாக அவர்கள் இரண்டு பேரும் மணிக்கு ஒரு தடவை வடிப்புக் கூடத்தைச் சுற்றி வந்தார்கள். உயரமான செப்பு நிறத் தூண்கள், வெள்ளை போர்த்திய குழாய்கள், இரும்புப் படிகள். அவள் மூச்சை இழுத்துக்கொண்டே நடப்பாள். அவர் இணைப்புகளையும் பம்ப்புகளையும் தொட்டுக்கொண்டே வருவார். யாராவது கேட்டால், "லேபம்மா குறிப்பேட்டுக்குப் படம் வரையுது" என்பார். சுற்று முடிந்து அவள் தலையசைத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

நடந்துகொண்டே பேசுவதற்கு அவருக்கு நிறைய இருந்தது. கேட்பதற்கு அவளைப் போல ஆள் கிடைப்பது அபூர்வம். பன்னிரண்டு வயதில் சந்தையில் பழக்கூடை தூக்கப் போனது. கூடையைத் தலையில் வைத்ததுமே அடியில் அழுகிய பழம் எத்தனை என்று சொன்னது. அதைக் கேட்டு வியாபாரிகள் அவரை விரட்டியது. குப்பை லாரியில் பதினைந்து வருஷம். "ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வாடை உண்டும்மா. எந்த வீட்டுல குழந்தை பிறந்திருக்கு, எந்த வீட்டுல நோய்ன்னு குப்பையே சொல்லிடும்."

சலவைக்கடை வாசலில் குப்பை எடுக்கப் போனபோதுதான் அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்திருக்கிறார். "சோப்பு வாசனைக்கு ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கிட்டேன்."

"அவங்க எதுக்கு ஆசைப்பட்டாங்க?"

"அதை இன்னைக்கு வரைக்கும் சொல்லமாட்டேங்கிறா. கேட்டா, 'புத்தி மழுங்கியிருந்த நேரம்'ங்கிறா."

எட்டு மாத ரகசியம் வீட்டில் அந்த மனைவிக்கு மட்டும் தெரியும். ஒருநாள் அவர் திரிந்துபோன பாலை முழு டம்ளரும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றிருக்கிறார். மனைவி டம்ளரை வாங்கி மோந்துவிட்டு, அழுதிருக்கிறாள். அதிலிருந்து பாலைக் காய்ச்சும்போது அவரை அடுப்படிக்கு விடுவதில்லை.

தொட்டி வேலைக்கு வந்த முதல் மாதத்துக் கதையும் சொன்னார். துணியெல்லாம் நொதித்த வாடை. பஸ்ஸில் நடத்துநர், "குடிச்சுட்டு ஏறாதீங்க பெரியவரே" என்று இறக்கிவிடப் பார்த்தாராம். "நான் குடிக்கலங்க. உங்க பஸ்ஸு குடிக்கிறதைத்தான் காய்ச்சிட்டு வர்றேன்னேன். பஸ்ஸே சிரிச்சுது. ஆனா பக்கத்து சீட்டு மட்டும் கடைசிவரைக்கும் காலியாவே வந்துச்சு."

முதல் நாள் முடிந்தது. அன்றிரவு அவள் நாளைக்கு மேலாளரிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தைத் தமிழில் ஒரு தடவை, அலுவலகத்தில் பேசும் மொழியில் ஒரு தடவை அமைத்துப் பார்த்தாள். இரண்டு மொழி படித்தவள். இரண்டிலும் அது கோள் சொல்வதாகவே வந்து நின்றது.

மறுநாள் பகல் பதினொரு மணிச் சுற்று. படியிறங்கி, கருவி கருகிப்போன அந்தப் பம்ப்புப் பக்கம் திரும்பினார்கள். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"வாடை வருதுண்ணே. ஊசி போடறதுக்கு முன்னாடி கையில துடைப்பாங்களே, அந்த வாடை."

"எங்கேருந்து?"

அவள் இப்படியும் அப்படியும் திரும்பினாள். இரண்டு பம்ப்புகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. தரை காய்ந்துதான் இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. "தெரியலண்ணே. சுத்தி எல்லாப் பக்கமும் வருது."

அவர் மண்டியிட்டார். முதல் பம்ப்பின் தண்டு சுழலும் இடத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். பிறகு இரண்டாவதன் கீழே. அங்கே கை நின்றது. "இங்கேதான். விழறதுக்குள்ள ஆவியாகுது. கண்ணுக்கு ஈரம் தெரியாது. கைக்குக் குளிரும்." எழுந்து நாலே எட்டில் தூணருகே போய்ச் சிவப்புப் பொத்தானைக் குத்தினார். தூண்களின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. "எல்லாரும் வெளியே! எதையும் போடாதீங்க, எதையும் அணைக்காதீங்க, அப்படியே வெளியே!" என்று அவர் போட்ட சத்தத்தில், மேலே குழாய்க்கு இரும்பு அறுக்கத் தயாராக நின்ற ஃபிட்டர் மின்ரம்பத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தான். சுவிட்சில் கைவைத்த நேரமாம்.

வெளியே வெயிலில் பதினாலு பேரும் நின்றார்கள். கதவுகளைத் திறந்துபோட்டுக் காற்றோட்டம் பார்த்து, இரண்டாவது பம்ப்பில் தேய்ந்துபோன அடைப்பு வளையத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளர் வந்தார்.

"ஒரு சொட்டு ஈரம் தரையில இல்ல. எப்படிங்க பிடிச்சீங்க?"

"மூக்கும்மா, மூக்கு!" என்றான் ஃபிட்டர். மோப்பக்காரருடைய தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே, என் உசுரு உன் மூக்குல ஒட்டிக்கிட்டு இருந்துச்சுண்ணே! இதை இன்ஷ்யூர் பண்ணணும்!" யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எடைக்காரர்கூட வந்து கையைக் குலுக்கினார்.

அவள் ஒதுங்கி நின்றாள். இனிச் சொல்லமாட்டார் என்று நினைத்தாள். இதற்குப் பிறகு யாரால் சொல்ல முடியும்? தான் போய்ச் சொன்னாலும் பொறாமை என்பார்கள்.

அவர் ஃபிட்டரின் கையைத் தோளிலிருந்து எடுத்து விட்டார்.

"தட்டாதீங்கப்பா" என்றார். "நான் பிடிக்கல. இந்தப் பொண்ணு பிடிச்சுது. எனக்கு மூக்கு செத்து எட்டு மாசம் ஆச்சு."

ஃபிட்டர் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நேத்து மேடம் கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாம தலையாட்டிட்டேன். லேபம்மா கூட வராம இருந்திருந்தா, இப்ப நான் இந்த அட்டையில 'வாடை இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டுட்டு வெளியே வந்திருப்பேன். நீங்கள்லாம் உள்ளே இருந்திருப்பீங்க." அட்டையை மேலாளரிடம் நீட்டினார். "ரெண்டாம் தொட்டி கெட்டதும் ஈஸ்ட்டால இல்ல மேடம். என்னாலதான். அந்த மனுஷனுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க. இல்ல, நம்பரைக் கொடுங்க, நானே சொல்லிடறேன்."

மேலாளர் அட்டையை வாங்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வீட்டுக்குப் போங்க. நாளைக்குக் காலையில என்னை வந்து பாருங்க" என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மோப்பக்காரர் குளியலறைப் பக்கம் நடந்தார். பதினாலு பேரும் வழிவிட்டார்கள்.

மறுநாள் மேலாளரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு மணி நேரம். அவளையும் இடையில் கூப்பிட்டு, எப்போது தெரியும், ஏன் உடனே சொல்லவில்லை என்று மேலாளர் கேட்டார். ஒரு நாள் தவணை கொடுத்ததைச் சொன்னாள். "தவணை கொடுக்க இது உன் வீட்டுக் கடன் இல்ல" என்று அவளுக்கும் விழுந்தது. வாங்கிக்கொண்டாள். அது நியாயந்தான் என்று பட்டது.

வேலை போகவில்லை. தொட்டிப் பொறுப்பு போனது. மோப்பம் அண்ணனை வாசலுக்கு மாற்றினார்கள். வருகிற லாரிகளைத் தட்டிப் பார்த்து, கிளறிப் பார்த்து, உள்ளே விடுவதா திருப்புவதா என்று சொல்கிற வேலை. பழத்தைத் தொட்டால் இன்றைக்கும் அவருக்குத் தெரியும். எடைக்காரரோடு தினமும் வம்பும் உண்டு. ஒரு வாரம் யாரும் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபிட்டர் தட்டோடு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"அப்போ எட்டு மாசமா என் மூஞ்சியைப் பார்த்துத்தான் கம்பெனி ஓடிச்சு?"

"ஆமா."

"லீவு போட்ட அன்னைக்கு ஒரு தொட்டி போச்சு."

"ஆமாடா."

"இதை எழுதிக் கொடு. நான் சம்பளம் ஏத்திக் கேக்கணும்."

அதோடு சகஜமாகிவிட்டது. பட்டப்பெயரை மட்டும் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் திண்டாடினார்கள். அவரே, "மோப்பம்னே கூப்பிடுங்கடா. செத்தவன் பேரையும் மாத்துவீங்களா?" என்றார்.

சுவரில் ஒட்டியிருந்த குறிப்பையும் அவள் மாற்றி எழுதினாள். வெளிநாட்டுக் குறிப்பேட்டில் 'இயக்குபவர் வாசனையைச் சோதிக்கவேண்டும்' என்று இருந்தது. அவள் 'இருவர் தனித்தனியாக, சீட்டைப் பார்க்காமல் சோதிக்கவேண்டும்' என்று எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கினாள். மூலத்தில் இல்லாததை அவள் சேர்த்தது அந்த ஒரு இடத்தில்தான்.

புட்டிச் சம்பவம் நடந்து ஒரு மாதம் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அவர் குளித்து, தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். தினமும் அப்படித்தான் வருவார். வந்தவர் அவளிடமிருந்து நாலடி தள்ளி நின்றார். அதுவும் தினமும் வழக்கந்தான். ஆனால் அன்று கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டடி கிட்டே வந்தார்.

"லேபம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"டவுன்ல மருந்துக்கடையில என் பொண்ணு வேலை பார்க்குது. சாயங்காலம் நான் போய்த்தான் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவேன். அது ஸ்கூல்ல படிக்கும்போது நான் லாரியில இருந்தேன். ஒரு தடவை அப்படியே ஸ்கூல் வாசல்ல போய் நின்னுட்டேன். கூட வந்த பிள்ளைங்க எல்லாம் மூக்கைப் பிடிச்சுக்கிச்சு. என் பொண்ணு பிடிக்கல. ஆனா மூஞ்சியைக் கீழே போட்டுக்கிச்சு." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அன்னையிலிருந்து குளிக்காம நான் அது முன்னாடி போனதில்ல. குளிச்சுட்டுக் கையை இப்படி முட்டி வரைக்கும் மோந்து பார்ப்பேன். கொஞ்சம் வந்தாலும் மறுபடி குளிப்பேன். இப்போ மோந்தா ஒண்ணும் வரல. வரலைன்னா இல்லைன்னு அர்த்தமா, தெரியலைன்னு அர்த்தமா?"

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"வீட்டுக்காரியைக் கேட்டா, 'ஒண்ணும் வரல, போங்க'ங்கிறா. நான் சாக்கடையில விழுந்து எழுந்து வந்தாலும் அவ அதைத்தான் சொல்லுவா. இங்கே இவனுங்களைக் கேட்டா இல்லாததையும் சேர்த்துச் சொல்லுவானுங்க." இன்னும் ஒரு அடி கிட்டே வந்து, பழைய குப்பை லாரிக்காரரைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் முன்னால் நின்றார். "அன்னைக்குத் தொட்டிகிட்ட வச்சு, சொல்லிடுவேன்னு சொன்னே பாரு. அந்த மாதிரி சொல்ற ஆள் எனக்கு வேணும். தினம் பஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. என் மேல வாடை வந்தா மூஞ்சியைத் திருப்பிக்காதம்மா, பெரியவர் மனசு நோகுமேன்னு பார்க்காத. பளிச்சுன்னு சொல்லிடு. நான் திரும்பிப் போய்க் குளிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல வர்றேன்."